பகலில் வெயில், பொழுதிறங்கினால் பேய்மழை: ஐப்பசியை நம்பி விதைக்கலாமா?

ஐப்பசி பிறந்ததும் கொங்குச் சீமையில் காற்று நின்றுவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிய காற்று ஓய்ந்துபோய், இறக்கைகள் அசையாமல் நிற்கும். முந்தின நாள் மழையின் ஈரம் வாசலில் இன்னும் காயாமல் இருக்கும். ஆனால் உச்சிப்பொழுது வெயில் சித்திரை மாதத்தை நினைவுபடுத்தும். வெக்கை தாங்காமல் கட்டுத்தறியில் மாடுகள் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். மாலை நாலு மணிக்கு மேல் வானம் கருக்கும். ஆறு மணிக்குள் இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டு, எட்டு மணிக்கு நட்சத்திரம் தெரியும்.

மறுநாள் செய்தித்தாளில் நம் வட்டாரத்துக்கு 6 சென்டிமீட்டர் மழை என்று போட்டிருப்பார்கள். டீக்கடையில் 'நல்ல மழை' என்று பேச்சு நடக்கும். மானாவாரிக் காட்டில் போய் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தால் நாலு விரக்கடைக்குக் கீழே மண் பொடியாக இருக்கும். கணக்கில் உள்ள மழைக்கும் காட்டில் உள்ள ஈரத்துக்கும் நடுவே இருக்கும் இந்த வித்தியாசத்தில்தான் இன்றைய ஐப்பசி விதைப்பின் லாபமும் நஷ்டமும் அடங்கியிருக்கிறது.

2024 காட்டியது என்ன?

2024 அக்டோபர் மாதத்தைப் பல விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 1901-ல் இருந்து உள்ள பதிவுகளை வைத்துப் பார்த்தால், இந்தியா முழுமைக்குமான சராசரியில் அதுதான் மிக வெப்பமான அக்டோபர் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. வழக்கமான சராசரி 25.69 டிகிரி செல்சியஸ்; அந்த ஆண்டு 26.92. இதைவிடக் கவனிக்க வேண்டியது இரவு வெப்பம். வழக்கமாக 20.01 டிகிரி இருக்க வேண்டிய நாட்டின் இரவுச் சராசரி 21.85 ஆக இருந்தது. பகலைவிட இரவுதான் அதிகம் சூடேறியிருந்தது என்று பொருள். இது நாடு முழுவதுக்குமான கணக்கு. ஒவ்வோர் ஊருக்கும் அளவு மாறும். ஆனால் பயிருக்குப் பகல் வெயிலைவிட ராத்திரி வெக்கைதான் சில சமயம் பெரிய பிரச்சினை என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

அதே அக்டோபர் 15-ம் தேதி, தென்மேற்குப் பருவமழை நாட்டை விட்டு முழுதாக விலகியதும், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஒரே நாளில் நடந்தன. அதையொட்டிய நாட்களில் கோவை நகரில் பெய்த மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு தனியார் பஸ் சிக்கி நின்ற படம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்ளே புகுந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. கொங்குப் பகுதியின் மானாவாரி ஊர்கள் பலவற்றில் வருடம் முழுக்கப் பெய்வதே 60, 70 சென்டிமீட்டர்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மழை சுமார் 44 சென்டிமீட்டர். அந்த ஆண்டு வந்தது 59. வழக்கத்தைவிட 33 சதவீதம் அதிகம்.

அதற்கு எட்டு வருடத்துக்கு முன்னால், 2016-ல், இதே பருவமழை 62 சதவீதம் குறைந்து போனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017 கோடையில் பொள்ளாச்சிப் பக்கம் டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கித் தென்னையைக் காப்பாற்றியவர்களுக்கு அந்த நினைப்பு போகாது. ஒரு வருடம் அப்படி, ஒரு வருடம் இப்படி.

வெக்கையும் மழையும் ஒரே அடுப்பில்

வெயிலும் பெருமழையும் எதிரெதிரானவை என்று தோன்றும். உண்மையில் ஒன்று மற்றொன்றுக்கு விறகு. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தென்மேற்குக் காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று பிடிக்கும் முன்பு வரும் இடைவெளியில் வானம் வெளுத்திருக்கும். ஈர மண்ணில் வெயில் நேராக விழும். அதனால்தான் அந்த நாட்களின் புழுக்கம். அப்போது வங்கக் கடலில் இருந்து கிழக்குக் காற்று ஈரத்தைக் கொண்டு வந்தால், பகலெல்லாம் சூடான காற்று மேலே எழும்பி, மலையடிவாரங்களில் இடிமேகமாகத் திரண்டு மாலையில் உடையும். ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூறலும் இருக்காது.

பழைய பேச்சில் ஐப்பசிக்கு அடைமழை என்றுதான் பெயர். இரண்டு மூன்று நாள் விடாமல் நசநசவென்று பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கும். அது வரும் வருடங்கள் இப்போதும் உண்டு. இல்லவே இல்லை என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகும் மழையையும் அதே பெயரில் கணக்கெழுதினால் விதைப்பு பிசகும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ 4,047 லிட்டர். 60 மில்லிமீட்டர் பெய்தால் 2 லட்சத்து 43 ஆயிரம் லிட்டர். சரிவான செவ்வல் காட்டில் இதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவிட்டது என்று வைத்தாலும் 81 ஆயிரம் லிட்டர். 5,000 லிட்டர் டேங்கர் கணக்கில் பதினாறு லாரி. கோடையில் காசு கொடுத்து வாங்கும் தண்ணீர், வரப்பு உடைந்த மூலை வழியாக மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு இட்டேரியில் இறங்கிப் பள்ளத்தில் கலந்துவிடுகிறது.

2024 ஆகஸ்ட் 17-ல் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றில் இருந்து உபரி நீரைப் பம்பு வைத்து மேலேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகும் திட்டம். எத்தனையோ வருடக் காத்திருப்புக்குப் பிறகு வந்த தண்ணீர் அது. அங்கே அத்தனை செலவில் தண்ணீர் மேலேறுகிறது. இங்கே தலைக்கு மேலே பெய்தது, நீர்வரத்துப் பள்ளம் தூர்ந்து கிடப்பதால் பக்கத்துக் குட்டைக்குப் போய்ச் சேராமல் தார்ச்சாலையில் ஓடுகிறது. ஊர்க்குட்டையின் வரத்தை நாலு பேர் சேர்ந்து புரட்டாசியிலேயே பார்த்து வைப்பது யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டிய வேலை அல்ல.

சொந்தக் காட்டுக்குள் செய்ய வேண்டியது புதிதும் அல்ல. சரிவுக்குக் குறுக்கே உழவு, உடைந்த வரப்பைக் கட்டுவது, பள்ளமான மூலையில் பண்ணைக்குட்டை. குட்டைக்குத் தண்ணீர் நுழையும் வாயில் கல் பரப்பி, அதற்கு முன்னால் ஒரு சின்ன வண்டல் குழி எடுத்தால் குட்டை சீக்கிரம் மேவாது. பெருமழையில் வரப்பு உடைவது பெரும்பாலும் மிச்சத் தண்ணீர் வெளியேற வழி வைக்காததால்தான். கல் பாவிய ஒரு கலிங்கு வாய் இருந்தால் வரப்பு நிற்கும், தண்ணீரும் தேவைக்கு நிற்கும்.

சின்ன வெங்காயம்: இரண்டு அடி

ஐப்பசிப் பட்டத்தில் அதிகப் பணம் மண்ணுக்குள் போவது சின்ன வெங்காயத்தில். ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதைக்காய் வேண்டும். கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலே விதைக்கு மட்டும் 30,000 ரூபாய். நடவுக் கூலி, அடியுரம் தனி. பல்லடம், பொங்கலூர், தாராபுரம், தொண்டாமுத்தூர் என்று கொங்கின் வெங்காயக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி ஒன்று உண்டு: நட்டு மூன்று வாரம் தளதளவென்று இருந்த பயிர், ஒரு வெயில் வாரத்துக்குப் பிறகு இரண்டு மழையில் நுனி கருகிச் சாய்வது.

இது மழையால் வந்தது என்றுதான் சொல்வார்கள். பாதிதான் உண்மை. முதல் அடி வெயில் நாளிலேயே விழுந்திருக்கும். வெக்கையான, மழை இல்லாத நாட்களில் இலைப்பேன் பெருகும். அது தாளைச் சுரண்டி உறிஞ்சிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழும். அந்தக் கீறல்தான் ஊதா நிறக் கருகல் நோய்ப் பூசணத்துக்கு வாசல். அடுத்து மழையும் மூடாக்கும் வந்ததும் நோய் உள்ளே நுழைகிறது. எனவே மழை பெய்த பிறகு மருந்தைத் தேடி ஓடுகிறவர் ஒரு வாரம் பிந்திவிட்டார். வெயில் நாட்களில் தாளின் இடுக்கைப் பிரித்து இலைப்பேன் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோய்க்கான முதல் வைத்தியம்.

நோய் தென்பட்டால் லிட்டருக்கு 2 கிராம் மேங்கோசெப் தெளிக்கலாம். வெங்காயத் தாள் மெழுகு பூசியது போல இருப்பதால் ஒட்டும் திரவம் கலக்காமல் அடித்தால் மருந்து தரைக்குத்தான் போகும். மாலை மழைக் காலத்தில் மாலையில் மருந்தடிப்பது வீண். காலையில் பனி ஈரம் காய்ந்ததும் அடித்துவிட வேண்டும். இயற்கை வழியில் செய்கிறவர்கள் நடும் முன்பே விதைக்காயை சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா கொண்டு நேர்த்தி செய்வதும், பிறகு சூடோமோனாஸ் தெளிப்பதும் நல்லது. நோய் முற்றிய பிறகு இவை கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது அடி வேரில் விழுகிறது. சூடான மண்ணில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேங்கினால் காயின் அடித்தட்டு அழுகும். குளிர்ந்த மண்ணில் அதே தண்ணீர் அவ்வளவு கெடுதல் செய்யாது. பாத்தி நடவை விட்டு மேட்டுப்பாத்தியிலோ பாரிலோ நடுவதும், வயலைச் சுற்றி ஒரு முழ ஆழ வடிகால் எடுப்பதும் இதற்காகத்தான். 'தண்ணி இல்லாத ஊர்ல வடிகால் எதுக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வடிகாலின் கடைசியில்தான் பண்ணைக்குட்டை இருக்க வேண்டும்.

தக்காளிக்கு வேறு கதை. இரவு வெப்பம் 21, 22 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்தால் பூ பிடிக்காமல் உதிரும். கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் 'பூவெல்லாம் கொட்டுது, என்ன மருந்து அடிக்கலாம்?' என்ற கேள்வி ஒவ்வோர் ஐப்பசியிலும் எழும். மருந்தால் ராத்திரியைக் குளிர வைக்க முடியாது. இரவு குளிர்ந்தால் தானே பிடிக்கும். அதுவரை தழைச்சத்தை அள்ளிக் கொட்டாமல் இருந்தால் போதும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டுத் திடீர் மழை விழுந்தால் பழம் வெடிக்கும். சொட்டுநீரில் ஒரே சீராக ஈரம் காப்பவர்களுக்கு வெடிப்பு குறைவு.

பனியை நம்பி நிற்கும் கடலை

இந்த வெக்கை ஐப்பசியை அதிகம் பொறுக்காத பயிர் கொண்டைக்கடலை. குடிமங்கலம், பெதப்பம்பட்டி வட்டாரக் கரிசல் காடுகளில் ஐப்பசி மழை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விதைத்துவிட்டால், அப்புறம் தண்ணீர் கட்டும் வேலை இல்லை. மார்கழி, தைப் பனியில் விளைந்து மூன்று மாதத்தில் வீடு வந்து சேரும். வட இந்தியக் குளிருக்குப் பழகிய பயிர், தெற்கே இவ்வளவு தூரம் வந்து பிழைப்பதே அந்தப் பனியால்தான். இரவில் செடிகளின் மேல் வெள்ளைத் துணியை விரித்து, விடியலில் பனியோடு சேர்ந்து ஊறிய புளிப்பைப் பிழிந்தெடுத்துச் சித்த மருந்துக்குக் 'கடலைப் புளிப்பு' சேகரிக்கும் வழக்கமும் இருக்கிறது. ராத்திரி புழுங்கினால் அந்தப் புளிப்பும் இல்லை, காயும் இல்லை.

இதில் நடக்கும் தவறு ஒன்றுதான்: அவசரம். முதல் பெருமழை விழுந்ததும் பக்கத்துக் காட்டில் டிராக்டர் இறங்கிவிட்டது என்று தானும் இறங்குவது. சூடான ஈர மண்ணில் விதைத்த கடலை வேகமாக முளைக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். பத்து நாளில் இன்னொரு கொட்டுமழை வந்து தண்ணீர் நின்றால் வேரழுகலில் சொட்டைச் சொட்டையாகப் போகும். மழை வராமல் வெக்கை தொடர்ந்தாலும் வாடல் நோய் பிடிக்கும். இரவு குளிரத் தொடங்கிய பின், ஐப்பசிக் கடைசியில் விதைத்தவருக்கு ஈரம் கொஞ்சம் குறையலாம். ஆனால் பயிர் நிற்கும். ரொம்பவும் தள்ளிப்போனால் கடைசியில் மாசி வெயிலில் காய் சுருங்கும் என்பதால் கார்த்திகை நடுவைத் தாண்டக் கூடாது. விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து நேர்த்தி செய்வது இந்த நிலைமையில் செலவே இல்லாத காப்பீடு.

'மழை நின்று எத்தனை நாளில் விதைக்கலாம்?' என்ற கேள்விக்கு நாள் கணக்கில் பதில் சொல்ல முடியாது. செவ்வல் ஓரிரு நாளில் பதத்துக்கு வரும். கரிசல் நாலைந்து நாள் கூட எடுக்கும். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்தில் இருந்து கீழே விட வேண்டும். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் மழை மேலோடு போய்விட்டது, விதைப்பு இல்லை. விழுந்தும் உடையாமல் அப்பமாகப் படிந்தால் ஈரம் அதிகம். அப்போது உழுதால் கட்டிதான் பெயரும். விழுந்து உதிர்ந்தால் உழலாம், விதைக்கலாம். பெரியவர்கள் மழையை 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்று அளந்தது இந்தக் கணக்கைத்தான். மில்லிமீட்டர் சொல்லாத விஷயத்தை அந்த அளவு சொன்னது.

களத்திலும் பட்டியிலும்

நிலக்கடலை பிடுங்கும் சமயத்தில் இந்த மழை வந்தால் இரண்டு பக்கமும் இடி. விட்டுவைத்தால் கொத்து ரகங்கள் மண்ணிலேயே முளைக்கும்; பிடுங்கினால் காய வைக்க முடியாது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த காயில் பச்சைப் பூசணம் பிடித்தால் அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும். கடலைக்கொடியையோ சோளத்தட்டையோ பூசணம் பிடித்தபின் மாட்டுக்குப் போடவே கூடாது. தட்டுப்போரின் அடியில் கல்லோ மரமோ அடுக்கித் தரையை விட்டு உயர்த்தி, மேலே தார்ப்பாய் மூட ஒரு நாள் வேலை. அது தை வரைக்குமான தீவனம்.

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்துக் கொரங்காடுகளில் கொழுக்கட்டைப்புல் இந்த மழைக்குத் தளிர்த்துவிடும். காய்ந்து கிடந்த ஆடுகள் இளம்புல்லை ஆவலாக மேய்ந்ததும் துள்ளுமாரி வரும். நன்றாகக் கொழுத்த குட்டிதான் முதலில் விழும். வெதுவெதுப்பான ஈரத்தில் பெருகும் கொசு போன்ற பூச்சிகளால் செம்மறிகளுக்கு நீலநாக்கு நோய் பரவுவதும் இந்தப் பருவத்தில்தான். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்னால் போட்டால்தான் பலன். காய்ந்து நின்று மழைக்குத் துளிர்த்த இளம் சோளப்பயிரில் ஆட்டையோ மாட்டையோ இறக்குவதும் ஆபத்து. அதில் சயனைடு நஞ்சு இருக்கும். பூட்டை வைத்த பிறகு மேய்க்கலாம்.

மாலை இடிமழையில் மேய்ப்பவர்கள் மரத்தடியில் ஒதுங்குவதை நிறுத்தவே முடியவில்லை. தாமினி என்ற அரசுச் செயலி, பக்கத்தில் மின்னல் விழும் வாய்ப்பைக் கைப்பேசியில் எச்சரிக்கும். வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளலாம்.

இழப்பு என்றால் 72 மணி நேரம்

ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊரில் பெய்யாத மழைக்குப் பயிர்க் காப்பீடு எப்படி? வழக்கமான இழப்பீடு ஒரு பகுதி முழுவதன் மகசூலை வைத்துக் கணக்கிடப்படுவதால், தன் வயல் மட்டும் அழிந்தவருக்கு ஒன்றும் வராமல் போகலாம். இந்த மனக்குறை நியாயமானது. ஆனால் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு, நீர் தேங்குதல் போன்ற உள்ளூர்ச் சேதத்துக்குத் தனி வயல் அளவில் கோரவும், அறுத்துக் களத்தில் காயவைத்த விளைச்சல் 14 நாட்களுக்குள் மழையில் கெட்டால் கோரவும் இடம் உண்டு. எந்தப் பயிருக்கு, எந்தச் சேதத்துக்கு என்பது மாநில அரசின் அந்தப் பருவ அறிவிக்கையைப் பொறுத்தது. கட்டணம் கட்டும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் பலருக்கும் தவறிப்போகும் விதி. 14447 என்ற எண்ணில் சொல்லலாம். தண்ணீர் நிற்கும்போதே தேதி தெரியும்படி படம் எடுத்துவிட வேண்டும்.

காப்பீடு இல்லாதவர்களுக்குப் பேரிடர் நிவாரணம்தான். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால், 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் விதிப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்குப் பிரித்துப் பார்த்தால் மானாவாரிக்கு 3,440 ரூபாய். முன்னே சொன்ன வெங்காய விதைச் செலவோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

வட்டார அளவில் வரும் முன்னறிவிப்புகளை மேகதூத், உழவன் செயலிகளில் பார்க்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் பருவம் தொடங்கும் முன்பே மாவட்ட வாரியாக மழை எதிர்பார்ப்பை வெளியிடுகிறது. ஆனால் தன் காட்டு மழையைத் தானே அளக்கிறவருக்குத்தான் இவை முழுதாகப் பயன்படும். அதற்கு மழைமானி வாங்க வேண்டியதில்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், கல் அடுக்கி அசையாமல் வைத்தால் போதும். காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்த்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். பக்கத்தில் ஒரு நோட்டில் தேதி, மழை அளவு, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது, மறுநாள் எத்தனை விரக்கடை ஈரம், ராத்திரி புழுக்கமா குளிரா என்று ஒரு வரி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கிளம்புவதற்கு முன் எழுதிவிடும் வேலைதான் இது.